புதுப்பிப்பு: சிஸ் எது, டிரான்ஸ் எது என்று பிரித்துவிட்டேன்
4-டெர்ட்-பியூட்டைல் சைக்ளோஹெக்சனோனை சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கினதில் சிஸ் (ஓஎச்சும் டெர்ட்-பியூட்டைலும் வளையத்தின் ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்) ஆல்கஹால் இரண்டும் கலந்து வந்தன, என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் எது யாருடைய பீக் என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி, விடை கிடைத்துவிட்டது.

பிபிஎம்மை (பீக் நிற்கும் இடத்தை) விட்டுவிட்டு பீக்கின் அகலத்தைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. ஓஎச் இருக்கும் கார்பனில் உள்ள ஹைட்ரஜன்தான் இங்கே முக்கியம். 3.5 பிபிஎம்மில் அது கிட்டத்தட்ட 30 ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது, கப்ளிங் மாறிலி (பக்கத்து ஹைட்ரஜன் பீக்கைப் பிளக்கும் இடைவெளி) இரண்டு ஹைட்ரஜனோடு 11 ஹெர்ட்ஸ், வேறு இரண்டோடு 4. 11 வர வேண்டுமென்றால் இருமுகக் கோணம் (அடுத்தடுத்த கார்பன்களின் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு இடையிலான முறுக்கு) 180 பாகையை ஒட்டி இருக்க வேண்டும் (கோணத்தையும் கப்ளிங்கையும் இணைப்பது கார்ப்ளஸ் வளைவு), அதாவது ஹைட்ரஜன் ஆக்சியல் (வளையத்துக்குச் செங்குத்து), ஓஎச் ஈக்வடோரியல் (வளையத்தின் ஓரமாக வெளிப்பக்கம்); டெர்ட்-பியூட்டைலும் ஈக்வடோரியல்தான், எனவே டிரான்ஸ். கலவையில் இதுவே அதிகம். 4.0-இல் ஒடுங்கி நிற்பதில் எல்லாமே 3 ஹெர்ட்ஸ் அளவுதான், கோணம் 60 பக்கம், அது சிஸ். டெர்ட்-பியூட்டைல் வளையத்தைப் புரளவிடாமல் பிடித்து வைப்பதால்தான் இவ்வளவு தெளிவு.

எதிர்பாராத ஒன்று: மேலே உள்ளது குளோரோஃபார்ம் கரைசலில். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் எடுத்தபோது பீக்குகள் இன்னும் ஒருமுறை பிளந்தன, 4 ஹெர்ட்ஸ் சுமார். ஓஎச் ஹைட்ரஜனோடு கப்ளிங். ஒரு துளி கனநீர் விட்டுக் குலுக்கினேன், ஓஎச் ஹைட்ரஜனின் இடத்தில் டியூட்டீரியம் வந்து அந்தப் பிளவு மறைந்துவிட்டது.