புதுப்பிப்பு: கொல்ஷ் பீருக்கு எந்த ஈஸ்ட்?
ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பாணியில் வீட்டில் தயாரிக்கும் கொல்ஷ் பீருக்கு அதற்கென்றே உள்ள ஈஸ்ட் தேவையா, தனி மணம் அதிகம் சேர்க்காத, நடுநிலையான அமெரிக்க ஏல் (மேல்நொதி பீர் வகை) ஈஸ்ட் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அதன்பின் ஒரே பில்ஸ்னர் மால்ட் (வெளிர்நிற, முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றை இரண்டாகப் பிரித்து, இரண்டு ஈஸ்ட்டுகளையும் ஒரே வெப்பநிலையில் நொதிக்கவிட்டுப் பார்த்தேன்.

கொல்ஷ் ஈஸ்ட், வழக்கமாக வெதுவெதுப்பில் நொதிக்கும் மேல்நொதி வகையைச் சேர்ந்ததாயினும், ஏறத்தாழ 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியிலும் தயங்காமல் வேலை செய்வதால், எஸ்டர்கள் (பழமணம் தரும் சேர்மங்கள்) மிகுந்து பழமணம் ஓங்கிவிடாமல், பேரிக்காயை மெல்ல நினைவூட்டும் அளவோடு நின்றுவிடுகிறது. மால்ட்டும், கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும் அடக்கமாக இருக்கும் இந்தப் பீரில், அச்சிறு மணமே முழு வேறுபாட்டையும் உண்டாக்குகிறது. அமெரிக்க ஈஸ்ட் தந்தது குறை சொல்ல முடியாத, சுத்தமான பீர்தான். ஆனால் அதைக் கொல்ஷ் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பொறுமையைச் சோதிப்பது தெளிவுதான். கொல்ஷ் ஈஸ்ட் எளிதில் திரண்டு அடியில் படிவதில்லை; உறைநிலையை ஒட்டிய குளிரில் சில வாரங்கள் வைத்திருந்தால்தான் கலங்கல் தெளிகிறது, தொடக்கத்தில் எழும் இலேசான கந்தக வாடையும் அடங்குகிறது. கொலோன் பீர் தயாரிப்பாளர்கள் செய்துகொண்ட 1986ஆம் ஆண்டின் கொல்ஷ் உடன்படிக்கை வடிகட்டிய, தெளிந்த பீரைத்தான் அப்பெயரால் குறிக்கிறது என்பதால், அவசரப்படுபவர்கள் கலங்கலை அடியில் படியவைக்க ஜெலட்டின் சேர்க்கலாம்.

டுசல்டார்ஃப் நகரத்து ஆல்ட் பீருக்கும் இதே ஈஸ்ட் பொருந்தும். அங்கே கருத்த மால்ட்டும் கூடுதல் கசப்பும் இம்மணத்தைப் பெரும்பாலும் மறைத்துவிடும்.