முதலாம் ஆண்டு முடிந்ததும் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாமா?

கொக்குவில் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்து முடித்து, கடந்த ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய கல்லூரிக்குப் புலமைப்பரிசிலுடன் சென்றேன். முதல் தவணைப் பெறுபேறுகள் நன்றாக வந்துள்ளன. இப்போது விடுமுறையில் வீட்டில் நிற்கிறேன்.

எனக்கு இயந்திரப் பொறியியல் படிக்க விருப்பம். எங்கள் கல்லூரியில் பௌதிகவியல் உண்டு, பொறியியல் இல்லை. அது தெரிந்துதான் சேர்ந்தேன்; ஏனெனில் போதிய பணம் தந்த ஒரே இடம் அதுதான். என் விமானச் சீட்டுக்காக அடைவு வைத்த அம்மாவின் சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். உறவினர் வீடுகளுக்குப் போனால் "எந்தக் கம்பஸ்?" என்று கேட்கிறார்கள், பெயரைச் சொன்னதும் பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது. அது எனக்கு நோகிறது.

இங்கே உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியும் வந்தால் எங்கே படிப்பது என்பது முடிவாகிவிடும். அங்கே ஓராண்டு படித்த பின்னர் தெரிவு கடினமான பல்கலைக்கழகங்களுக்கு மாற விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுவீர்களா?

காரைநகர், இப்போது பொஸ்டன்:

தங்கச்சி, நான் முதலாம் ஆண்டு முடிவில் மாறியவன். இரண்டாம் ஆண்டில் சேர வேண்டுமானால் இந்த மாதமே வேலையைத் தொடங்குங்கள். ஹாவர்ட், யேல் போன்றவற்றுக்கு இடமாற்ற விண்ணப்பத்தின் இறுதித் திகதி மார்ச் 1; வேறு பல இடங்களுக்கு மார்ச் நடுப்பகுதி. பெரும்பாலானவை கொமன் அப்ளிகேஷன் என்ற, பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான இணைய விண்ணப்பத்தின் வழியாகவே போகும். ஆனால் புதுமுக மாணவருக்குரிய படிவம் வேறு, இடமாற்ற மாணவருக்குரிய படிவம் வேறு.

உங்கள் கையில் இருப்பது ஒரேயொரு தவணையின் பெறுபேறு. ஆகவே உயர்தரப் பெறுபேற்றையும் பாடசாலை அறிக்கையையும் அவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். ஊரில் நிற்கும்போதே பாடசாலைக்குச் சென்று அதிபரின் கையொப்பத்துடன் ஆங்கிலப் பிரதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சைத் திணைக்களத்திடமும் ஆங்கிலச் சான்றிதழ் பெறலாம். அங்கிருந்து தொலைபேசியில் கேட்டுப் பெறுவதற்குள் எனக்கு ஒரு மாதம் போய்விட்டது.

இரண்டு விரிவுரையாளர்களின் கடிதம் தேவைப்படும். அத்துடன், நடப்புத் தவணையில் ஒவ்வொரு பாடத்திலும் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைக் காட்டும் இடைத்தவணை அறிக்கை ஒன்றும் உண்டு. அந்தத் தாளை ஜக்கெற்றுக்குள் வைத்து, பனி கொட்டிய ஒரு வியாழக்கிழமை நான்கு கட்டடங்களுக்கு அலைந்து கையொப்பம் வாங்கினேன். கடைசிப் பேராசிரியர் ஒப்பமிட்ட பேனையைக் கீழே வைத்துவிட்டு, "எங்களிடம் உனக்கு என்ன குறை?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றிரவு விண்ணப்பக் கட்டுரையை முழுவதும் அழித்து மீண்டும் எழுதினேன்.

மாறியபின் நான் படித்துப் பெற்றிருந்த 32 பாட அலகுகளில் (கிரெடிட்) 24 மட்டுமே ஏற்கப்பட்டன. பழைய புள்ளிச் சராசரியும் கூட வரவில்லை. புதிய இடத்தில் அது முதலிலிருந்து தொடங்கியது. ஏற்கப்படாத அலகுகளுக்காக ஒரு கோடை விடுமுறை முழுவதும் பணம் கட்டிப் படித்தேன்.

வட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மகள், உங்கள் கேள்வியில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. பொறியியல் இல்லை என்பது பலமான காரணம். அதை எந்தத் தெரிவுக் குழுவும் மதிக்கும். உறவினர் முகம் மாறுவது காரணமாகாது. கல்லூரியின் பெயர் தெரியாததால் அவர்கள் பேசாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இனிப் பணத்தைப் பார்ப்போம், ஏனெனில் நம்மவர்கள் இடறுவது அங்கேதான். புதுமுக மாணவருக்கென ஒதுக்கப்படும் திறமைப் புலமைப்பரிசில்கள் இடமாற்ற மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஹாவர்ட், யேல் போன்ற ஒருசில இடங்கள் வெளிநாட்டு மாணவரையும் பணத் தேவையைக் கணக்கிலெடுக்காமல் தெரிவு செய்து, பின்னர் தேவைக்கேற்ப உதவுகின்றன. ஆனால் ஹாவர்ட் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 12 இடமாற்ற மாணவரையே எடுக்கிறது. பிரின்ஸ்டன் 1990இல் இந்த வழியை அடைத்துவிட்டு 2018இல்தான் மீண்டும் திறந்தது. கோர்னெல் சில நூறு பேரை எடுக்கிறது. ஆயினும் உதவி கேட்கும் வெளிநாட்டவருக்கு அங்கே போட்டி மிகக் கடுமையானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி, லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகங்கள் 60 அலகுகள் முடித்து மூன்றாம் ஆண்டில் சேருவோரையே எடுக்கின்றன. அவர்களுள்ளும் கலிபோர்னியாவின் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரி மாணவருக்கே முன்னுரிமை.

ஆகவே கையில் உள்ள புலமைப்பரிசிலை விட்டுவிடாமல் விண்ணப்பியுங்கள். புதிய இடத்தின் உதவித்தொகை எழுத்தில் வரும்வரை பழைய இடத்தில் விலகுவதாக ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். அம்மாவின் சங்கிலிக்கு மேலே இன்னொரு கடன் ஏற இடம் கொடுக்காதீர்கள்.

மானிப்பாய்:

இன்னொரு வழியையும் பாருங்கள். பல சிறிய கல்லூரிகள் மூன்று ஆண்டுகள் அங்கேயும் இரண்டு ஆண்டுகள் பொறியியல் பீடமொன்றிலும் படித்து இரண்டு பட்டங்கள் பெறும் ஒழுங்கை வைத்துள்ளன. கொலம்பியா, சென் லூயிஸில் உள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவை இதில் பெயர்பெற்றவை. எந்த வழியானாலும் நுண்கணிதம், நுண்கணிதத்தின் அடிப்படையிலான பௌதிகவியல், இரசாயனம், நிரலாக்கம் ஆகியவற்றை இந்தத் தவணையிலிருந்தே எடுங்கள். அவை இல்லாமல் பொறியியல் பீடங்கள் இரண்டாம் ஆண்டில் சேர்ப்பது அரிது.

வீசா பற்றியும் ஒரு சொல். மாறுவதாக இருந்தால் பழைய கல்லூரி உங்கள் செவிஸ் பதிவை, அதாவது வெளிநாட்டு மாணவர் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவை, புதிய இடத்துக்கு விடுவிக்க வேண்டும். அதன் பின்னரே மாணவர் வீசாவுக்கு அடிப்படையான ஐ-20 படிவம் புதிய இடத்திலிருந்து கிடைக்கும். வீசாக் காலம் முடியாமல் இருந்தால், பழைய கல்லூரியின் பெயர் அதில் இருப்பதற்காகக் கொழும்புக்குப் போய்ப் புதிதாக எடுக்க வேண்டியதில்லை.

கொக்குவில் மாணவி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி இரண்டு காரணங்களையும் ஒரு தாளில் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். பொறியியல் பக்கம் நிறைந்தது, மற்றப் பக்கத்தில் இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று காலை பாடசாலைக்குச் சென்று பிரதிகளுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். எங்கள் கல்லூரியிலும் அந்த மூன்று, இரண்டு ஆண்டு ஒழுங்கு உண்டா, அதில் வெளிநாட்டு மாணவருக்குப் பண உதவி தொடருமா என்று என் ஆலோசகருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன். காரைநகர் அண்ணா, அந்தப் பேராசிரியரின் கேள்விக்குக் கட்டுரையில் என்ன பதில் எழுதினீர்கள் என்று சொல்ல முடியுமா?