மூன்றடி மீன் தொட்டி ஒரு பக்கம் சாய்வு: அப்படியே விடலாமா?

கேள்வி – தங்கமீன்_மதுரை

எல்லோருக்கும் வணக்கம். அபார்ட்மென்ட் முதல் மாடியில், பால்கனிக் கதவை ஒட்டிய சுவரோரம் புதுத் தொட்டி வைத்திருக்கிறேன். நீளம் 3 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி, 8 மி.மீ. கண்ணாடி. ஸ்டாண்ட் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்பு ஆங்கிள். அதன்மேல் பிளைவுட், தெர்மாகோல், அதற்கும் மேல் தொட்டி.

தண்ணீர் நிரப்பிய பிறகுதான் சாய்வு கண்ணில் பட்டது. கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் இடது மூலை 38 மி.மீ., வலது 30. பின்பக்கம் இடது 36, வலது 28. தொட்டிக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினால் போதும் என்கிறார் மாமனார். செய்யலாமா? வீட்டில் ஓடியாடும் குழந்தை வேறு இருக்கிறது.

பதில் – கப்பி_கணேஷ்

90 செ.மீ. நீளத்துக்கு 8 மி.மீ. சாய்வுதானே, விடுங்க. என் தொட்டியும் அப்படித்தான் பல வருஷமாக நிற்கிறது. மேலே ஒரு பட்டை ஒட்டி மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

பதில் – நீர்த்தாவரம்

மாமனார் யோசனை மட்டும் வேண்டாம் சார். தொட்டிக்கு அடியில் அட்டையைச் செருகினால் மொத்த எடையும் அந்த ஒரு இடத்தில் குவியும். அடிக்கண்ணாடி விரிசல் விடுவது பெரும்பாலும் இப்படித்தான். முட்டுக் கொடுப்பதானால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில்தான். அதுவும் அட்டை இல்லை, ஈரம் பட்டால் ஊறி அமுங்கிவிடும். இரும்புத் தகடு அல்லது கெட்டி பிளாஸ்டிக்.

இன்னொன்று, தெர்மாகோல் சாய்வைச் சரி செய்யாது. சின்னச் சின்ன மேடுபள்ளத்தை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும்.

பதில் – கொத்தனார்_மகன்

உங்கள் அளவைப் பார்த்தேன். தண்ணீர் மேல் விளிம்புக்குக் கிட்டே வரும் மூலைதான் தாழ்ந்த மூலை. அப்படியானால் வலது பக்கம் 8 மி.மீ. இறக்கம், பின்பக்கம் 2 மி.மீ. இறக்கம். பால்கனிக் கதவோரம் தண்ணீர் வடிய டைல்ஸைக் கொஞ்சம் சரித்து ஒட்டுவார்கள், காரணம் அதுவாக இருக்கலாம்.

எதிரெதிர் மூலைகளைக் கூட்டினால் 38+28=66, 30+36=66. இரண்டும் சமம். அதனால் முறுக்கு (ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றின் தளத்திலிருந்து விலகுவது) இல்லை என்று நினைக்கிறேன்.

பதில் – நீர்த்தாவரம்

கணக்கு சரி தம்பி, ஆனால் அது தொட்டியைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. ஸ்டாண்ட் முறுக்கிக்கொண்டாலும் கண்ணாடித் தொட்டி அதோடு சேர்ந்து அவ்வளவு எளிதில் வளையாது. ஒரு மூலை அடியில் ஆதாரம் இல்லாமல் தொங்கும், மேலே எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

சாய்வு வேறு, முறுக்கு வேறு. 45 செ.மீ. ஆழத் தண்ணீரில் 8 மி.மீ. கூடினால் அந்தப் பக்கக் கண்ணாடிக்கு அழுத்தம் 2 சதவீதம்கூட ஏறாது. கணேஷ் தொட்டி நிற்பது அதனால்தான். முறுக்கு அப்படி இல்லை, கண்ணாடிகளைச் சேர்க்கும் சிலிக்கான் ஒட்டை நாளுக்கு நாள் இழுத்துக்கொண்டே இருக்கும்.

தங்கமீன் சார், ஒரு விசிட்டிங் கார்டை நான்கு மூலையிலும் தொட்டிக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். டிஷ்யூ பேப்பரை ஒட்டுகள் மேல் ஓட்டிக் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் – தங்கமீன்_மதுரை

கசிவு இல்லை. மூன்று மூலையில் கார்டு நுழையவே இல்லை. பின்பக்க இடது மூலையில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே போகிறது! அந்த இடத்தில் தெர்மாகோல் அமுங்காமல் புதுசுபோல இருக்கிறது.

பதில் – நீர்த்தாவரம்

அப்படியானால் தள்ளிப்போட வேண்டாம், இன்றைக்கே இறக்குங்கள். முதலில் மோட்டார் பிளக்கைக் கழற்றுங்கள். மீன்களைத் தொட்டித் தண்ணீரோடே பெரிய பக்கெட்டுக்கு மாற்றி ஏர் பம்ப் போடுங்கள். பில்டர் ஸ்பான்ஜையும் அதே தண்ணீரில் போட்டு வையுங்கள், குழாயில் கழுவினால் நல்ல பாக்டீரியா போய்விடும். தண்ணீர், கல் இரண்டையும் எடுத்த பிறகு இரண்டு பேராகத் தூக்குங்கள். பாதித் தண்ணீரோடு நகர்த்தவே கூடாது.

காலி ஸ்டாண்டை மூலைக்கு மூலை அமுக்கிப் பாருங்கள், ஆடும் என்று நினைக்கிறேன். மொபைல் ஆப்பை நம்பாதீர்கள், பின்பக்கக் கேமரா மேடே கணக்கைக் கெடுத்துவிடும். ரசமட்டத்தை நீளம், அகலம், இரண்டு குறுக்கு என்று எல்லாப் பக்கமும் வையுங்கள்.

பதில் – கொத்தனார்_மகன்

ரசமட்டம் இல்லையென்றால் டியூப் லெவல் போதும். கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் விட்டு இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். உள்ளே காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது.

பதில் – தங்கமீன்_மதுரை

ஸ்டாண்ட் நன்றாகவே ஆடியது. பின் இடது கால் 3 மி.மீ. குட்டை. பட்டறையில் நான்கு காலிலும் நட்டு வெல்டிங் செய்து, திருகி உயர்த்தும் போல்ட் போட்டு வாங்கினேன். டைல்ஸ் உடையாமல் இருக்க ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் 2 அங்குலச் சதுரத் தகடு. மூன்றில் ஒரு பங்கு, பாதி, முழுசு என்று நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் விட்டு, அப்புறம் ஒரு நாள் அப்படியே வைத்துப் பார்த்தேன். நான்கு மூலைக்கும் அதிகபட்ச வித்தியாசம் 1 மி.மீ. கார்டு எங்கேயும் நுழையவில்லை.

இப்போது வேறு கவலை. மாடித் தரை இந்த எடையைத் தாங்குமா?

பதில் – கொத்தனார்_மகன்

தண்ணீர் மட்டும் சுமார் 175 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்ட் சேர்த்தால் 250 தாண்டும். வீட்டு அறைக்கு ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை) சொல்லும் லைவ் லோடு (ஆள், சாமான் எடை) சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. அது அறைத் தரை முழுக்கப் பரவிய கணக்கு. ஒழுங்காகக் கட்டிய காங்கிரீட் தளத்தில், அடியில் பீம் ஓடும் சுவரை ஒட்டி நிற்கும் மூன்றடித் தொட்டி பொதுவாகப் பிரச்சினை தராது. பழைய கட்டடம், விரிசல் விட்ட தளம், ஐந்தாறடித் தொட்டி என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் வைக்காதீர்கள். பால்கனி நீட்சியில் வைக்கவே வேண்டாம்.

பதில் – நீர்த்தாவரம்

குழந்தை பிடித்துத் தொங்கினாலும் சாயாதபடி ஸ்டாண்டின் மேல் சட்டத்தை எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். ஒயர் எல்லாம் பிளக்பாயின்டை விடத் தாழ்வாக ஒரு வளைவு வளைந்து மேலே ஏறட்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்த லைனுக்கு 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா?

பதில் – தங்கமீன்_மதுரை

பழைய போர்டு, இல்லை என்றுதான் நினைக்கிறேன். எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதுவரை லைட் போடவில்லை, பேட்டரி ஏர் பம்ப் மட்டும் ஓடுகிறது.