கிரவுன் பினியன் புதுசு, ஆனா டாப் கியர்ல உறுமல்: ஷிம்மா, பேரிங்கா?

கேள்வி:
45 எச்.பி. டிராக்டர். சேத்துழவுல தண்ணி ஏறி, ஆயில் வெளுத்து, பினியன் (பின் ஆக்சில்ல கிரவுனைச் சுத்துற சின்னப் பல்சக்கரம்) பேரிங் பொரிஞ்சு போச்சு. கிரவுன்லயும் (அந்தப் பெரிய பல்சக்கரம்) பல் சில்லு தெறிச்சிருந்துச்சு. செட்டு, பேரிங் எல்லாம் புதுசு. ஷிம் (இடைவெளியைச் சரிபண்ணப் போடுற மெல்லிசுத் தகடு) மட்டும் பழசே போதும்னு கடையில சொன்னாங்க, அதையே போட்டிருக்கு. டயல் கேஜ் வச்சுப் பார்த்தா பேக்லாஷ் (ரெண்டு சக்கரப் பல்லுக்கும் நடுவுல உள்ள ஆட்டம்) 0.22 மி.மீ. மேனுவல்ல 0.15 முதல் 0.25 வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருக்கு. ஆனா டிரெய்லர்ல லோடு ஏத்தி டாப் கியர்ல இழுத்தா உறுமுது, ஆக்சிலேட்டரை விட்டா அடங்குது. எதைப் பார்க்கணும்?

பதில் 1:
புது செட்டு கொஞ்ச நாள் கத்தும் தம்பி. கெட்டி ஆயிலா ஊத்தி ஓட்டுங்க, படிஞ்சிடும்.

பதில் 2:
படியாது அண்ணே, பல்லு தேஞ்சு பொடிதான் வரும். நிறைய டிராக்டர்ல அதே ஆயில்தான் ஹைட்ராலிக் பம்புக்கும் போகுது, பொடியும் அங்க போய்ச் சேரும்.

தம்பி, பேக்லாஷ் சரியா இருக்கிறதை மட்டும் வச்சு நம்பாதீங்க. பினியன் ஆழம் (கிரவுன் பக்கம் எவ்வளவு உள்ளே நிக்குதுங்கிறது) தப்பா இருந்தாலும் கிரவுனை நகர்த்தி அந்த 0.22-ஐக் கொண்டுவந்துடலாம். பல்லுல புளூ (பல்லு எங்க படுதுன்னு அச்சு காட்டுற நீல மை) தடவி, கிரவுனை ஒரு கட்டையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு பினியனைச் சுத்துங்க. பிடிக்காம சுத்தினா அச்சு தெளிவா விழாது. முன்னே ஓடுற பக்கம், பின்னே ஓடுற பக்கம் ரெண்டையும் பாருங்க.

கேட்டவர்:
பார்த்தேன் அண்ணே. ரெண்டு பக்கமும் அச்சு பல்லு நுனியை ஒட்டி மெல்லிசா விழுது, அடிப்பக்கம் சுத்தமா படவே இல்லை.

பதில் 2:
அப்ப பினியன் கிரவுனை விட்டுத் தள்ளி நிக்குது. பழைய ஷிம் பழைய பினியனுக்கும் பழைய பேரிங் உயரத்துக்கும் போட்ட கணக்கு. புதுப் பினியன் முகத்துல பிளஸ், மைனஸ் போட்டு ஒரு எண் வெட்டியிருக்கும், அதையும் சேர்க்கணும். அந்தக் குறிக்கு கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும், உங்க மேனுவலைப் பாருங்க. கிரவுன்லயும் பினியன்லயும் ஒரே ஜோடி நம்பர்தானான்னும் பார்த்துடுங்க. ஜோடி மாறியிருந்தா எந்த ஷிம்மும் காப்பாத்தாது.

ஷிம் எங்க உட்காருதுன்னு கவனிங்க. பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவுலன்னா ஷிம் கூட்டினா பினியன் கிரவுன் பக்கமா உள்ளே போகும். ஹவுசிங் பிளேஞ்சுக்கு (பினியன் கூட்டோட விளிம்பு) அடியிலன்னா அப்படியே தலைகீழ்.

பினியன் உள்ளே போனா பேக்லாஷ் குறையும். அதைச் சரிபண்ண, கிரவுன் முதுகுப் பக்க ஷிம்மை எடுத்து அதே கனத்தை எதிர்ப்பக்கம் போடுங்க. மொத்தக் கனம் மாறலைன்னா பேரிங் பிரீலோடு (பேரிங் ஆடாம இருக்க முன்கூட்டியே கொடுக்குற இறுக்கம்) கலையாது. பினியன் பிரீலோடை ஆயில் சீல் போடுறதுக்கு முன்னாடியே, நூல் சுத்தி ஸ்பிரிங் தராசுல இழுத்துப் பார்த்துடுங்க.

கேட்டவர்:
ஜோடி நம்பர் சரிதான். ஷிம் தலைப்பக்கம், 0.15 கூட்டினேன். கிரவுனை நகர்த்தி பேக்லாஷ் 0.20-ல நிறுத்தியாச்சு. அச்சு இப்ப உயரத்துல நடுவுல விழுது, ஆனா பல்லோட உள்முனைப் பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு.

பதில் 2:
அது நல்லதுதான், தொடாதீங்க. லோடு ஏறினா அச்சு தானா வெளிமுனைப் பக்கம் நகரும். கிரவுன் போல்ட்டை டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளந்து முறுக்குற ஸ்பேனர்) வச்சு முறுக்கி மூடுங்க.