மறு: 'பிளாக்ஃபேஸ்' – 'இனவேடம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம். வெள்ளை நடிகர் முகத்தில் கருப்புப் பூசிக்கொண்டு கருப்பினத்தவராக நடிப்பதை ஆங்கிலத்தில் 'பிளாக்ஃபேஸ்' என்பார்கள். நடிகர் தன் இனமல்லாத இன்னொரு இனத்தவராக வருவதற்கெல்லாம் பொதுவாக 'இனவேடம்' என்று வைக்கலாம் என்பது என் யோசனை.

> 'கருமுகம்' என்றே வைத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

ஐயா, சொல்லுக்குச் சொல் சரியாக இருப்பதில்தான் எனக்குத் தயக்கம். நாம் கலைச்சொல் தேடுவது போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களைப் பற்றிய பாடத்துக்கு. அங்கே கருப்புப் பூச்சோடு விஷயம் முடிவதில்லை.

1960இல் வந்த 'தி மில்லியனரஸ்' படத்தில் பீட்டர் செல்லர்ஸ் லண்டனில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் இந்திய டாக்டராக வருகிறார். பூச்சு மாநிறம், மீதி வேலையைப் பேச்சின் தொனி பார்த்துக்கொள்கிறது. பெர்னார்ட் ஷாவின் மூல நாடகத்தில் அந்த டாக்டர் எகிப்தியர். படத்துக்காக இந்தியராக்கினார்கள், நடித்தவர் என்னவோ ஆங்கிலேயர்தான்.

1948இன் 'ஆலிவர் ட்விஸ்ட்' நகைச்சுவைப் படம் அல்ல, ஆனாலும் நம் சொல்லுக்கு நல்ல உரைகல். யூதரான ஃபேகினாக அலெக் கின்னஸ் ஒட்டவைத்த பெரிய மூக்கோடு வந்தார். எதிர்ப்பு கிளம்பி, அமெரிக்காவில் 1951 வரை படம் வெளிவரவில்லை. இந்த மூக்கைக் 'கருமுகம்' என்று எப்படி எழுதுவது?

> வெறும் 'வேடம்' போதாதா?

போதாது, அம்மா. அதே கின்னஸ் 1949இல் லண்டனின் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்' படத்தில் ஒரே பிரபுக் குடும்பத்தின் எட்டுப் பேராக வருகிறார். தேவாலயக் காட்சியில் அவர்களில் ஆறு பேர் ஒரே ஃபிரேமில். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கேமராவை அசையவிடாமல் இறுக்கி, லென்சுக்கு முன்னால் மற்ற இடங்களை மறைத்து, ஒரே ஃபிலிமில் ஆள் ஆளாகப் பதிவு செய்தார். எட்டில் ஒருவர் லேடி அகதா. ஆண் பெண்ணாக நடிப்பதை நம் பழைய நாடகக் கம்பெனிக்காரர்கள் 'ஸ்திரீபார்ட்' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். இதெல்லாம் வேடம், இனவேடம் அல்ல.

அதே படத்தில் நாயகனின் தந்தை இத்தாலியப் பாடகர். நாயகனாக நடித்த டென்னிஸ் பிரைஸே மீசை வைத்துக்கொண்டு அவராகவும் வருகிறார். இதை இனவேடத்தில்தான் சேர்ப்பேன். நிறம் மாறவில்லை, இனம் மாறியிருக்கிறது.

ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 'வேடம்' என்றால் கதாபாத்திரம் என்றும் பொருள். அதே ஈலிங் 1951இல் எடுத்த 'பூல் ஆஃப் லண்டன்' என்ற குற்றப் படத்தில் ஜமைக்கா மாலுமியாக நடித்தவர் ஏர்ல் கேமரன், பெர்முடாவில் பிறந்த கருப்பினக் கலைஞர். 'இனவேடம்' என்ற சொல் தவறிப்போய் அவர்மேல் ஒட்டிக்கொண்டால் பெரிய அநியாயம். அவர் 1939 முதலே லண்டனில் இருந்தார். அவரைப் போன்ற நடிகர்கள் அந்த ஊரிலேயே இருந்தும், செல்லர்ஸுக்கு மாநிறம் பூசினார்கள். இந்தச் சொல் சுட்டவேண்டியது அதைத்தான்.

வினைச்சொல்லைக் கவனமாக வைத்தால் குழப்பம் தீரும். கூத்தில் 'வேஷம் கட்டுவது' என்பார்கள். கட்டியதை அவிழ்த்தும் வைக்கலாம். ஆகவே செல்லர்ஸ் இனவேடம் கட்டினார், கேமரன் மாலுமி வேடம் ஏற்றார். 'இனவேடங்கட்டல்' என்று தொழிற்பெயரும் இடறாமல் வருகிறது.

'பிளாக்ஃபேஸ்' என்று குறிப்பாகச் சொல்லவேண்டிய இடத்துக்குக் 'கரிப்பூச்சு' இருக்கட்டும், இனவேடத்தின் ஒரு வகையாக. பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாகச் சேர்க்கக் கோருகிறேன். 'இனம்' என்ற முதற்பாதி நெருடுகிறது என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

அன்புடன்.