ஆங்கிலத்தில் 'பிரெசென்ட்லி' (presently) என்றால் இப்போதா, பிறகா?

குளக்கட்டு: நேற்று இங்கே ஒருவர் 'பிரெசென்ட்லி' என்றால் 'இப்போது'தான் என்று அடித்துச் சொன்னார். வாய்க்காலில் தண்ணீர் 'பிரெசென்ட்லி' திறக்கப்படும் என்று ஆங்கிலத்தில் கடிதம் வந்தபோதும் இதே விளக்கத்தைத்தான் சொன்னார்கள். நம்பி, சிறுபோகத்துக்கு இரண்டு மூட்டை விதைநெல் ஊறப் போட்டேன். தண்ணீர் வந்தது பன்னிரண்டாம் நாள். சாக்குக்குள்ளேயே வேர் பின்னி, கையை விட்டால் சுட்டது. அதற்கு 'சற்றுப் பிறகு' என்றுதான் அர்த்தம், இப்போது இல்லை.

ஏ9 வீதி: எழுதியது நான்தான், மாற்ற மாட்டேன். அமெரிக்காவிலும் ஸ்கொட்லாந்திலும் 'இப்போது' என்றே எழுதுகிறார்கள். 'பிரெசென்ட்' என்ற சொல்லே அதற்குள் இருக்கிறதே, கண் தெரியவில்லையா?

ஓய்வு மாஸ்டர்: தம்பி, உமக்கு ஒன்பதாம் வகுப்பில் இதற்குத்தானே பிழை போட்டேன். பிரித்தானிய ஆங்கிலத்தில் 'சற்று நேரத்தில்' என்பதுதான் வழக்கம். நாங்கள் படித்ததும் அது, படிப்பித்ததும் அது.

ஏ9 வீதி: அந்தப் பிழையை நான் மறக்கவில்லை மாஸ்டர். விடை சரி, புள்ளி பூச்சியம்.

மடுப்பக்கம்: இரண்டுமே இல்லை. 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில், மத்தேயு 21ஆம் அதிகாரத்தில், அத்திமரம் 'பிரெசென்ட்லி' பட்டுப்போனது. தமிழில் அந்த இடத்தில் 'உடனே' என்று இருக்கிறது. பழைய பொருள் அதுதான்.

ஓய்வு மாஸ்டர்: அதைத்தானே நானும் சொல்ல வந்தேன். 'உடனே' என்று சொல்லிச் சொல்லி ஆட்கள் தாமதித்தார்கள், சொல்லும் அவர்களோடு சேர்ந்து பிந்திப்போனது. இன்று 'விரைவில்' என்று பொருள்படும் 'சூன்' (soon) என்பதும் பழைய ஆங்கிலத்தில் 'சோனா', அதாவது உடனே. 'அனொன்' (anon) என்ற பழைய சொல்லும் அப்படித்தான். எங்கள் ஊரில் 'இப்ப வாறன்' என்று சொல்லிவிட்டுப் போனவன் எத்தனை மணிக்கு வருகிறான்? ஆகவே பிறகுதான்.

ஏ9 வீதி: 'இப்ப வாறன்' என்பதில் 'இப்ப' இருக்கிறது, மாஸ்டர். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வவுனியாக்காரி: கூடவே 'வில்' (will) வந்தால் பிறகு, 'இஸ்' (is) வந்தால் இப்போது. பெரும்பாலும் வசனத்தைப் பார்த்தாலே தெரியுமே. கடிதத்தில் எது இருந்தது?

ஓய்வு மாஸ்டர்: பிள்ளை, ரியூசன் கொப்பி விளக்கம் வேண்டாம். 31 வருடம் சோக்கட்டி பிடித்த கை இது. பிறகு.

குளக்கட்டு: 'வில்'தான் இருந்தது அக்கா. மாஸ்டர், இவ்வளவு தெரிந்த நீங்கள் அன்றைக்குக் கூட்டத்தில் பக்கத்துக் கதிரையில்தானே இருந்தீர்கள்? கடிதத்தை வாசித்தபோது ஏன் வாய் திறக்கவில்லை?

ஓய்வு மாஸ்டர்: என்னிடம் யார் கேட்டது? இங்கிலீசு தெரிந்த பெடியன் வாசிக்கட்டும் என்றார்கள். வாசித்தது யார் என்று அவரிடமே கேளும்.

ஏ9 வீதி: நான் வாசித்தது சரி. தண்ணீர் பிந்தியது என் பிழையா? 'பிரெசென்ட்லி' என்றால் இப்போது.

குளக்கட்டு: அப்படியென்றால் அந்த இரண்டு மூட்டையை இப்போது தாரும்.

ஏ9 வீதி: பிரெசென்ட்லி தருகிறேன்.