குத்தகை வயல்: வைக்கோல் எரிப்பைத் தடுப்பது யார் பொறுப்பு?

பரந்தன்வயல்:
கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழே குத்தகை வயல்களில் காலபோக (மாரிமழைப் போக) வெட்டு முடிந்த கையோடு வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறார்கள். ஒரு தொன் வைக்கோலில் தழைச்சத்து (நைதரசன்) ஏறக்குறைய 6 கிலோ, பொட்டாசியம் ஏறக்குறைய 15 கிலோ இருக்கும். எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். வெட்டு மெசின் வைக்கோலை வரிசையாகக் கொட்டிய இடத்தில் மட்டும் சாம்பல் கிடக்கும், பொட்டாசியமும் அந்த வரிசையோடு நின்றுவிடும். "எரிக்கக்கூடாது" என்று குத்தகை எழுத்திலேயே போடவேண்டும்.

கட்டுக்கரை:
எழுதலாம் அண்ணை, பலன் யாருக்கு? இந்தப் போகம் வைக்கோலை உழுது மண்ணில் தாட்டவன் அடுத்த போகம் அந்த வயலில் இருப்பானோ தெரியாது. பரவாமல் உழுதால் வைக்கோல் கலப்பையில் சுற்றும். உக்காத வைக்கோலுக்கு மேலே விதைத்தால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளடிக்கும். பிறகு கூடுதல் யூரியாச் செலவும் அவன் தலையில்தான்.

பரந்தன்வயல்:
அது கடைசி நேரத்தில் உழுவதால் வருகிற வினை. வெட்டின ஈரம் காயமுதல் பரவி உழவேண்டும், விதைப்புக்கு மூன்று கிழமையாவது இடைவெளி வேண்டும். சிறுபோகத்துக்கு (கோடைப் போகத்துக்கு) குளத்துத் தண்ணீர் கிடைக்காத வயலென்றால் அந்த ஈரத்திலேயே ஏக்கருக்கு 10-12 கிலோ சணல் (பசுந்தாள் பசளைப் பயிரான சணப்பு) விதைத்து, 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது தாட்டுவிடலாம்.

குமுழமுனை:
கட்டாக்காலி மாட்டை மறந்துவிட்டீர்கள். வெட்டு முடிய வயலெல்லாம் மேய்ச்சல் தரைதான், சணல் இரண்டு இலை விட்டவுடனேயே மாடு இறங்கும். ஒரு போகக் குத்தகைக்கு யார் முட்கம்பி இழுப்பான்?

கட்டுக்கரை:
எழுத்து என்றாலே காணிக்காரர் பின்வாங்குகிறார். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் நெற்காணிக் குத்தகைக்காரரை நினைத்தபடி எழுப்ப விடாது. அந்தப் பயத்தில்தான் வாய்ப்பேச்சோடு நிறுத்தி, போகத்துக்குப் போகம் ஆளை மாற்றுகிறார்கள். சட்டம் காப்பாற்ற நினைத்தவனுக்கே அது பாதகமாக வந்து நிற்கிறது.

குமுழமுனை:
அதனால் செலவைப் பிரித்துப் பேசுங்கள். வைக்கோல் தாட்பது குத்தகைக்காரர் வேலை. வரம்பு கட்டுவது, வேலி, எல்லையில் கிளிசரிடியா (பசுந்தழை மரம்) எல்லாம் காணியோடு நிற்பவை, அவற்றைக் குத்தகைக் காசில் கழிக்கவேண்டும். 30,000 ரூபா செலவென்றால் மூன்று காலபோகத்துக்குப் பிரியுங்கள். ஒரு போகத்தோடு எழுப்பினால் காணிக்காரர் 20,000 கொடுக்கட்டும். கிளிசரிடியாத் தடியைக் கார்த்திகை மழையோடு எல்லையில் மட்டும் ஊன்றுங்கள். உள்வரம்பில் வைத்தால் நெல்லுக்கு நிழல் விழும்.

கட்டுக்கரை:
கழிவுக்கு நான் எதிரில்லை, கையெழுத்துக்கு அவர் வரமாட்டார் என்பதுதான் என் வாதம். மாட்டுக்கு என்ன வழி?

பரந்தன்வயல்:
மாடு கட்டும் திகதியைப் போகக் கூட்டத்தில் கமக்காரர் அமைப்பு விதைப்புக்கு முன் முடிவெடுக்கிறதுதானே. வெட்டுக்குப் பிறகு சணல் போடும் வாய்க்கால் பகுதிக்கும் அதே கூட்டத்தில் 50 நாள் மாடு கட்டிவைக்கக் கேளுங்கள். தனி வயலுக்குக் கேட்டால் நடக்காது, ஒரு வாய்க்கால்காரர் முழுப்பேரும் சேர்ந்து கேட்கவேண்டும்.